நாற்பதா, முப்பதா, பூஜ்யமா: ஆழ்கடல் கிணற்றின் கழிவுநீருக்கு என்ன விதி கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஊர் கமிட்டி கூடியபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குளச்சலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் மீன் பிடிக்காமல் கடலில் சம்பளம் வாங்கியவர்கள் நாலைந்து பேர்தான். நான் அதில் ஒருவன். வளைகுடாவில் ஒரு எண்ணெய் பிளாட்ஃபார்மில் பதினோரு வருடம் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு, எங்கள் கடலில் வரப்போவதாகச் சொல்லும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பற்றி மனு எழுத வேண்டும். "வேண்டாம்னு எழுதியாச்சு. அதையும் மீறி அவன் வந்துட்டான்னா, ஊத்துத தண்ணிக்கு என்ன சட்டம் கேக்கணும்னு நீ சொல்லு மக்ளே" என்றார் கமிட்டித் தலைவர்.

உடனே ஒரு தம்பி எழுந்து, "நிபந்தனை கேட்டால் சம்மதித்தது போல ஆகாதா?" என்று கேட்டான். நியாயமான பயம். அதனால் மனுவின் முதல் வரியே 'எங்கள் எதிர்ப்பைக் கைவிடாமல்' என்று இருக்க வேண்டும் என முடிவானது. வக்கீல்கள் தினமும் எழுதுகிற வரிதான் அது. அதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கேட்கக்கூடிய விதிகள் நாலைந்து வகை உண்டு. எது நமக்கு உதவும், எது பெயரளவுக்குக் கடுமையாகத் தெரியும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2024 தொடக்கத்தில் மத்திய அரசு திறந்தவெளி உரிமக் கொள்கையின் 9-ஆவது சுற்றில் எண்ணெய், எரிவாயு தேட 28 வட்டாரங்களை ஏலத்துக்கு வைத்தது. அதில் மூன்று கன்னியாகுமரிக் கடலில். மூன்றும் சேர்த்து 27,154 சதுர கிலோமீட்டர். எங்கள் மாவட்டம் மொத்தமே 1,672 சதுர கிலோமீட்டர்தான், அதாவது பதினாறு கன்னியாகுமரி மாவட்டங்களைக் கடலில் விரித்தது மாதிரி. ஆவணத்தில் இதற்குப் பெயர் காவிரிப் படுகை. டெல்டாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் 2020-ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டத்தில் எங்கள் மாவட்டம் இல்லை. ஆக, காவிரியின் பெயர் எங்களுக்கு வந்தது, காவிரிக்குக் கிடைத்த பாதுகாப்பு வரவில்லை.

பக்கத்தில்தான் வாட்ஜ் பேங்க், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் கடலடி மேட்டுநிலம். கணவாய், கிளாத்தி, கலவா, விளைமீன் எல்லாம் அங்கேதான். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் அந்த மேடு இந்தியாவுடையது என்று முடிவானது. ஆறு இலங்கைப் படகுகள் மட்டும் மூன்று வருடம், வருடத்துக்கு 2,000 டன் வரை பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள். இந்தியா அங்கே பெட்ரோலியம் தேட முடிவெடுத்தால் அந்தப் பகுதியில் அவர்கள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்றும் ஒரு வரி அதிலேயே உண்டு. பெட்ரோலியம் அன்றைக்கே டெல்லியின் மனதில் இருந்திருக்கிறது.

எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம்

கமிட்டியில் பாதிப் பேர் கழிவு என்றால் கறுப்பு எண்ணெய் கொட்டுவது என்று நினைத்திருந்தார்கள். அது விபத்து. நான் சொல்வது விபத்தே இல்லாமல், எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் வெளியே போகிற தண்ணீர். பூமிக்கடியில் எண்ணெயும் வாயுவும் இருக்கிற பாறைக்குள் கோடிக்கணக்கான வருடத்து உப்புநீரும் சேர்ந்தே கிடக்கிறது. கிணறு வாயைத் திறந்தால் மூன்றும் ஏறி வரும். உலகச் சராசரியாக ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று பீப்பாய் தண்ணீர் என்று சொல்வார்கள். கிணறு இளசாக இருக்கும்போது தண்ணீர் கம்மி, வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும்.

அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்த் துளிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் பென்சீன், டொலுவின், பீனால்கள் உண்டு. பாறையிலிருந்து வரும் பேரியம், பாதரசம், கொஞ்சம் ரேடியம். குழாய் துருப்பிடிக்காமல் இருக்கவும் அடைக்காமல் இருக்கவும் மேலிருந்து ஊற்றுகிற ரசாயனங்கள் வேறு. வாயுக் கிணற்றில் தண்ணீரின் அளவு குறைவு, ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பென்சீன் வகையறா அதிகம்.

ஆய்வுக் கிணறு தோண்டும் கட்டத்தில் இந்தத் தண்ணீர் பெரிதாக வராது. அப்போது கடலுக்குப் போவது துளையிடும் சேறும் பாறைத்தூளும். அதற்குத் தனி விதி இருக்கிறது: டீசல் கலந்த சேறு கூடாது, சேற்றுக்குக் கனம் சேர்க்கும் பேரைட் தாதுவில் பாதரசம் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மனுவில் இரண்டையும் கலந்து எழுதினால் 'ஆய்வுக் கட்டத்தில் கழிவுநீரே இல்லை' என்று ஒரே வரியில் பதில் அனுப்பி ஃபைலை மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட பதில்களை நான் இன்னொரு பக்கத்திலிருந்து தட்டச்சு செய்திருக்கிறேன்.

கேனும் சிரிஞ்சும்

முதல் வழி, இருக்கிற விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்வது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் எண்ணெய் எரிவாயுத் தொழிலுக்கான அளவுகள் 1996-இல் சேர்க்கப்பட்டன. கடலில் விடும் தண்ணீரில் எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், நூற்றுக்கு 95 பரிசோதனைகளில். எந்தக் காரணத்தைக் கொண்டும் 100-ஐத் தாண்டக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று சாம்பிள், அவற்றின் சராசரிதான் கணக்கு. நல்ல தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்து காட்டக் கூடாது.

40 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று கேட்டார்கள். 20 லிட்டர் குடிநீர் கேன் ஒன்றை மேசைமேல் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் 0.9 மில்லி தேங்காய் எண்ணெய் எடுத்து உள்ளே விட்டேன். அவ்வளவுதான். மூடிக் குலுக்கினேன், தண்ணீர் லேசாகக் கலங்கியது, பிறகு மேலே ஒரு மெல்லிய ஏடு. "இவ்வளவுதானாலே?" என்று பின்வரிசையில் ஒருவர் ஏமாற்றத்தோடு கேட்டார்.

இவ்வளவுதான், ஒரு கேனுக்கு. ஒரு பிளாட்ஃபார்ம் நாளுக்கு 10 லட்சம் லிட்டர் விடுகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது 50,000 கேன். நாளுக்கு 40 கிலோ எண்ணெய், வருடத்துக்கு 14.6 டன். அமைதியான கடலில் 40 லிட்டர் எண்ணெய் ஒரு சதுர கிலோமீட்டருக்கு வெள்ளிப் பளபளப்பாகப் பரவிக் கண்ணுக்குத் தெரியும். எல்லாத் துளியும் மேலே வராது என்பதையும் சொல்ல வேண்டும், ஒரு பகுதி நீருக்குள்ளேயே சிதறிப் போகும். அதுவும் நல்ல செய்தி இல்லை.

அந்த 95 சதவீதத்தையும் கவனியுங்கள். வருடத்துக்கு 365 நாள் என்றால் 5 சதவீதம் 18 நாள். அந்த 18 நாள் 40-ஐத் தாண்டி 99 வரை போனாலும் சட்டப்படி குற்றமில்லை. இதே விதிகளில் தரையில் விடும் எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன அளவு தெரியுமா? 10 மில்லிகிராம். தரைக்கு 10, கடலுக்கு 40. கடலில் போகும் ஒரு கப்பல் தன் அடித்தட்டுக் கழிவுநீரை விட வேண்டுமென்றால் சர்வதேச மார்பால் ஒப்பந்தப்படி 15-க்குள் இருக்க வேண்டும். பிளாட்ஃபார்மின் கிணற்றுத் தண்ணீர் அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. பக்கத்தில் போகும் கப்பல் 16 விட்டால் தப்பு, நடுவில் நிற்கும் பிளாட்ஃபார்ம் 40 விட்டால் சரி.

இந்தியா மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. மத்தியதரைக் கடல் நாடுகளின் பார்சிலோனா உடன்படிக்கையிலும் இதே 40, 100 தான். ஆனாலும், இருக்கிறதை நடைமுறைப்படுத்துங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் நாம் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வட கடல் மாதிரி

இரண்டாவது வழி, எண்ணைக் குறைக்கச் சொல்வது. நார்வே, பிரிட்டன், நெதர்லாந்து எல்லாம் சேர்ந்த ஒஸ்பார் அமைப்பு 2001-இல் மாதச் சராசரி 30 மில்லிகிராம் என்று வைத்தது. அமெரிக்காவில் ஆழ்கடலுக்கு மாதச் சராசரி 29, ஒரு நாளைய உச்சம் 42. நம்முடைய 40-உம் 100-உம் இதற்குப் பக்கத்தில் வைத்தால் தளர்ந்த கயிறு மாதிரித் தெரியும்.

நான் முதலில் எழுதிய வரைவில் இதைத்தான் போட்டிருந்தேன். 'உலகத் தரம்' என்று எழுதும்போது மனுவுக்கு ஒரு மிடுக்கு வரும். பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதே 10 லட்சம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் வருடத்துக்கு 11 டன். மூன்றரை டன் மிச்சம், சந்தோஷம். ஐந்தாறு வருடத்தில் கிணறு வயதாகித் தண்ணீர் ஐந்து மடங்கு ஆகிறது. 50 லட்சம் லிட்டர், அதே 30 மில்லிகிராம்: வருடத்துக்கு 54 டன்னுக்கு மேல். விதி மீறப்படவில்லை, ரிப்போர்ட் சுத்தம், கடலுக்குப் போகும் எண்ணெய் மட்டும் பழைய தளர்ந்த விதியில் போனதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். லிட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் கட்டுப்படுத்தினால் வருகிற வினை இது. மீனுக்கு மில்லிகிராம் தெரியாது, மொத்தம்தான் தெரியும்.

ஒஸ்பார்காரர்களுக்கும் இது புரிந்திருந்தது. அதே பரிந்துரையில், 2000-ஆம் ஆண்டில் கடலுக்குப் போன மொத்த எண்ணெயை 2006-க்குள் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும் போட்டார்கள். வட கடலிலிருந்து கடன் வாங்குவதாக இருந்தால் அந்த 30-ஐ விட இந்த மொத்த டன் கணக்கைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: ஐரோப்பாக்காரர்களின் அளக்கும் முறை வேறு, அமெரிக்க முறை வேறு. ஒரே பாட்டில் தண்ணீரை இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு எண் வரும். முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால், கம்பெனி தனக்குச் சாதகமான முறையைத் தேர்ந்துகொள்ளும்.

திரும்ப உள்ளே

மூன்றாவது வழி, கடலுக்கு விடவே விடாதே என்பது. வந்த தண்ணீரை வடிகட்டிப் பம்ப் வைத்துப் பூமிக்குள்ளேயே திரும்ப அழுத்துவது. இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் தரைக் கிணறுகளில் பெரும்பாலும் இப்படித்தான். 1996-இல், நம் நாட்டில் 40 என்ற எண் சட்டமான அதே வருடம், அங்கே கரையோரக் கிணறுகளுக்கு, அலாஸ்காவின் குக் இன்லெட் நீங்கலாக, பூஜ்ய வெளியேற்றம் என்று விதி வந்தது. ஆழ்கடல் கிணறுகளை அங்கேயும் விட்டுவிட்டார்கள். நம் விதிகளிலும் தரைக் கிணறுகளுக்கு, கைவிட்ட கிணற்றில் 1,000 மீட்டருக்குக் கீழே அழுத்தலாம் என்ற வழி இருக்கிறது.

பதினோரு வருடம் இந்தப் பம்புகளோடு கிடந்தவன் என்பதால் இதன் வண்டவாளமும் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் பேரியம் இருக்கும், கடல்நீரில் சல்பேட் இருக்கும். இரண்டும் குழாய்க்குள் சந்தித்தால் சிமெண்ட் மாதிரி படிவம் கட்டும், சில சமயம் அதில் ரேடியமும் சேர்ந்து உட்காரும். பாக்டீரியா புகுந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும், அது ஆளையே கொல்லும். வடிகட்டி சரியில்லை என்றால் உள்ளே அழுத்தும் பாறை அடைத்துக்கொள்ளும். பம்ப் நின்றால் தண்ணீர் நிற்காது. தொட்டி நிறைந்ததும் ஒன்று உற்பத்தியை நிறுத்த வேண்டும், இல்லை வால்வைக் கடல் பக்கம் திருப்ப வேண்டும். எந்த மேனேஜரும் உற்பத்தியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

இங்கே கேட்கிற வட்டாரங்கள் மீ-ஆழ்கடல் வகை, அதாவது 1,500 மீட்டருக்கு மேல் ஆழம். அந்த ஆழத்தில் தண்ணீரைத் திருப்பி அனுப்ப ஒரு தனிக் கிணறு தோண்டுவது பெரும் செலவு. அழுத்தும் இடம் தப்பானால் நிலம் நடுங்கவும் செய்யும். 2016 செப்டம்பரில் ஓக்லஹோமாவின் பாவ்னியில் 5.8 அளவில் நிலநடுக்கம் வந்ததற்குக் கழிவுநீரை உள்ளே அழுத்தியதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அங்கே அழுத்திய அளவு வேறு மாதிரி என்றாலும் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ஒன்று: உற்பத்தித் திட்டம் இன்னும் காகிதத்தில்கூட வரவில்லை. ஓடுகிற பிளாட்ஃபார்மில் அழுத்தும் கிணற்றை ஒட்டுவது கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது அடுப்பை மாற்றுவது மாதிரி. வரைபடம் போடும் நாளிலேயே சேர்த்தால் செலவு கணக்கில் கரைந்துவிடும். கிடைப்பது எரிவாயு என்றால் தொடக்கத்தில் தண்ணீரும் கம்மி, உள்ளே அனுப்புவதும் சுலபம். காரணம் இரண்டு: மீறல் எளிதாகத் தெரியும். 30-க்கும் 40-க்கும் நடுவில் ஆயிரம் விளக்கம் சொல்லலாம். 'வால்வு திறந்ததா இல்லையா' என்பதற்கு ஒரே பதில்தான்.

பம்ப் நிற்கும் நாளுக்கு என்ன விதி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். வருடத்தில் இத்தனை நாள்தான், அந்த நாளிலும் தரை அளவான 10 மில்லிகிராம்தான், ஒவ்வொரு திறப்பும் 24 மணி நேரத்தில் வெளியே சொல்லப்பட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் முட்டையிடும் காலம் என்று சொல்லி ஒவ்வொரு கரையிலும் 61 நாள் போட்டைக் கட்டிப் போடுகிறார்கள். அந்த ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை 108 நாளும் பிளாட்ஃபார்மின் கடல் வால்வுக்கும் பூட்டு. பம்ப் நின்றால் உற்பத்தி நிற்கட்டும். எங்கள் உற்பத்தியும் நிற்கிறதல்லவா? இந்த வரியைச் சொன்னபோதுதான் கூட்டம் முதல் தடவையாகக் கை தட்டியது.

இறால் குஞ்சை வைத்து அளப்பது

நான்காவது வழி, எண்ணெயை விட்டுவிட்டு விஷத்தை அளப்பது. தண்ணீரைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனும் காற்றுக்குமிழித் தொட்டியும் துளித்துளியான எண்ணெயைத்தான் பிரிக்கும். கரைந்திருக்கும் பீனால் அப்படியே போய்விடும், 'எண்ணெய்' சோதனையில் அது சரியாகப் பிடிபடவும் செய்யாது. அதனால் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா அனுமதியில் சின்ன இறால் வகை ஒன்றையும் சின்ன மீன் வகை ஒன்றையும் அந்தத் தண்ணீரில் ஏழு நாள் வைத்துப் பார்க்கிறார்கள். நார்வே 1997-லேயே 'தீங்கு தரும் வெளியேற்றம் பூஜ்யம்' என்று கொள்கை வைத்தது. பிளாட்ஃபார்மைச் சுற்றிக் கூண்டில் சிப்பியையும் காட் மீனையும் தொங்கவிட்டு, அவற்றின் உடம்பில் என்ன சேர்கிறது என்று பார்ப்பார்கள். 2012-இல் ஒஸ்பாரும் ஆபத்தின் அளவை வைத்து முடிவெடுக்கும் முறைக்கு வந்தது.

அங்கே பார்த்தவரை பாதிப்பு பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் வாயிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் என்றுதான் வந்தது. நம் கூட்டங்களில் சிலர் பேசுவதுபோல முழுக் கடலும் செத்துவிடும் என்பதற்கு இந்தத் தண்ணீர் சாட்சி சொல்லாது. ஆனால் அது குளிர்ந்த வட கடல், அங்கே நாற்பது ஐம்பது வருடமாக அளந்த ஏடு இருக்கிறது. வாட்ஜ் பேங்கைச் சுற்றி, கிணறு வருவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட அப்படி ஓர் ஏடு நம் கையில் இல்லை. பழைய கணக்கு இல்லாத கடையில் எவ்வளவு நட்டம் என்று எப்படிச் சொல்வது? ஆபத்தைக் கணக்கிடும் மாடலையும் பெரும்பாலும் கம்பெனியே வாடகைக்கு ஆள் வைத்துப் போடும். இதைத் தனி விதியாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் துணையாக, நம் சாளை முட்டையையும் நம் இறால் குஞ்சையும் வைத்துச் செய்தால் உதவும்.

ஐந்தாவதாக ஒருவர், "கரைக்குக் கொண்டு வந்து சுத்தம் செய்யச் சொல்லலாமே" என்றார். வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். தரை விதி 10 என்பது உண்மைதான். ஆனால் குழாயும் தொட்டியும் வரும் ஊர் நம் மாவட்டத்தில்தான் இருக்கும். கடைசியில் அந்தத் தண்ணீர் கட்டுமரக்காரர் வலை போடும் கரைக்கடலில் விழும்.

பாட்டில் யார் கையில்

இதுவரை சொன்ன எல்லா விதியும் ஒரு பாட்டிலில் போய் முடிகிறது. நான் வேலை பார்த்த இடத்தில், ஊரும் கம்பெனியும் பெயர் வேண்டாம், காலை ஆறு மணிக்கு சாம்பிள் எடுப்போம். எண்ணெய் சாம்பிளுக்குக் கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே முன்கூட்டிக் கழுவக் கூடாது, கழுவினால் சுவரில் எண்ணெய் படிந்து அளவு கூடக் காட்டும். வாய்வரை நிரப்பி வழியவிடக் கூடாது, மேலே மிதப்பது வழிந்துபோய் அளவு குறைத்துக் காட்டும். எடுத்தவுடன் அமிலம் விட்டு மூட வேண்டும். லேபில் பாதியை ஊற்றிச் சோதிக்கக் கூடாது, முழுப் பாட்டிலையும் கரைப்பானால் அலச வேண்டும்.

எனக்கு மேலே இருந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருநாளும் "பொய் எண் எழுது" என்று சொன்னதில்லை. "பத்து நிமிஷம் கழிச்சு எடு, இப்பதான் கிணறு மாத்துனோம்" என்பார். பத்து நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். எண் 22 வரும். கலங்கி ஓடிய அந்தப் பத்து நிமிடம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. மூன்று சாம்பிளும் கம்பெனி ஆள், கம்பெனி லேப், கம்பெனி கையெழுத்து. நான் சுத்தமாக வேலை பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து இந்த மனு எழுதும்போதுதான் அந்தப் பத்து நிமிடங்களைக் கூட்டிப் பார்க்கத் தோன்றியது.

ஆகவே தொடர்ந்து அளக்கும் மீட்டர், அதன் பதிவு அப்படியே வெளியாக வேண்டும். அமெரிக்காவில் வெளியேற்ற அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒஸ்பார் நாடுகளில் ஒவ்வொரு கம்பெனியும் வருடாந்திரச் சுற்றுச்சூழல் அறிக்கையைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். நார்வேயில் எந்த எண்ணெய் வயலிலிருந்து எவ்வளவு போனது என்று வீட்டிலிருந்தே தேடலாம். இங்கே கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மாநில அரசின் கை நீளாது. எல்லாம் மத்திய அரசு. போதாக்குறைக்கு 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி விதியில் கொண்டுவந்த திருத்தத்தால் ஆய்வுக் கிணறுகள் பி2 பிரிவுக்குப் போய்விட்டன, அதற்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. உற்பத்திக் கட்டம் ஏ பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே நம் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இருந்தால் அது அந்த இரண்டாம் கட்டத்தில்தான். அதுவரை காத்திருந்தால் வரைபடம் முடிந்திருக்கும். அதனால்தான் இப்போதே மனு.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது பிளாஸ்டிக் மணிகள் எங்கள் கரைக்கே வந்தன. என் அக்கா பிள்ளைகள் மாவு அரிப்பை எடுத்துப்போய் மணலைச் சலித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததால் ஊர் கூடியது, அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். கரைந்த பீனாலை எந்த அரிப்பிலும் சலிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர், இன்னும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்துச் சொல்பவர், எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எவ்வளவு கலக்கலாம்னு கேக்காத மக்ளே. கலந்தா ஆரு வந்து பாப்பாவன்னு கேளு."

மனுவில் கடைசியில் எழுதியது இதுதான். எதிர்ப்பைக் கைவிடாமல் கேட்பது. உற்பத்திக்கு அனுமதி தந்தால் கழிவுநீர் முழுவதும் பூமிக்குள்ளேயே போக வேண்டும், அது முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பம்ப் நிற்கும் நாளில் 10 மில்லிகிராம், அதோடு வருடத்துக்கு இத்தனை டன் என்ற உச்சவரம்பு. 108 நாள் பூட்டு. மீட்டர் பதிவும் வால்வு பதிவும் தமிழில், தினமும், மீன்பிடித் துறைமுகங்களில் பலகையில். சாம்பிள் எடுக்கும் குழுவில் கம்பெனியைச் சேராத ஒரு லேபும் எங்கள் ஆள் ஒருவரும். கிணறு தோண்டுவதற்கு முன் இரண்டு வருடம் கடல்நீரையும் மீனையும் அளந்து வைத்த ஏடு. 40, 30 என்ற சண்டையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கமிட்டியில் இரண்டு பேருக்கு அதில் வருத்தம், '30' என்று போட்டால் பத்திரிகையில் தலைப்பு வரும் என்கிறார்கள்.

துறைமுகப் பலகை என்பதைப் பலகையும் வயர்லெஸ்ஸும் என்று மாற்றச் சொன்னான் ஒரு போட் டிரைவர். இரண்டு மூன்று வாரம் தங்கல் போகிறவன் பலகையை எப்போது பார்ப்பான் என்று கேட்டான். மாற்றினேன். தங்கல் போன போட்டுகள் இன்னும் எட்டு திரும்ப வேண்டும், அவர்கள் கையெழுத்து இல்லாமல் மனு போகாது. புதன்கிழமைக்குள் வருவார்கள் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்களாம், காற்று மாறாமல் இருந்தால்.